விழுந்த குழு எழுந்தது, எங்கள் தோட்டத்துப் பையன்?

காலைப் பெரட்டில் நிற்கும்போது நாம் என்ன பேசுவோம்? இன்றைக்கு மழை வருமா, பால் கெட்டுப் போகுமா, கிராணி பேர் போடுவாரா, இவைதானே வழக்கமான பேச்சு. ஆனால் முந்தின நாள் இரவு மாநிலக் குழு பந்தாடியிருந்தால் இந்தப் பேச்செல்லாம் பின்னுக்குப் போய்விடும். பெரட்டுக்களத்தில் விளக்கு வெளிச்சத்தில் நின்றுகொண்டே, "அந்தப் பந்த எப்படிண்ணே விட்டான் கோல் கீப்பரு?" என்று கேட்காத வாலிபன் உண்டா? மண்டோர் அதட்டுவார். அதட்டிவிட்டு அவரும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுவார்.

அப்படிப் பேசித் தீராத ஓர் ஆண்டு 1993. அந்த ஆண்டின் காற்பந்துப் பருவத்தையும், அதோடு சேர்ந்து எங்கள் தோட்டத்தில் நடந்த ஒரு சங்கதியையும் இந்த வாரம் நம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். முப்பது ஆண்டு கடந்த கதையாயிற்றே என்று தள்ளிவிட வேண்டாம். இதில் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு செய்தி இருக்கிறது.

முதலில் பழைய கதை கொஞ்சம். மலேசியக் கிண்ணம் என்று நாம் கொண்டாடுகிறோமே, அது 1921-இல் மலாயாக் கிண்ணம் என்ற பெயரில் தொடங்கியது. அந்தக் கிண்ணத்தைக் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? 'மலாயா' என்ற போர்க்கப்பலின் மாலுமிகள். அந்தக் கப்பலைக் கட்ட பணம் தந்தது அன்றைய மலாய் ஐக்கிய மாநிலங்களின் அரசாங்கம். அந்த அரசாங்கத்துக்கு வருமானம் எங்கிருந்து வந்தது? ஈயத்திலிருந்தும் ரப்பரிலிருந்தும். ஆகவே, இந்நாட்டுக் காற்பந்தின் முதல் கிண்ணத்திலேயே நம் பாட்டன், பாட்டிமாரின் வியர்வை ஒரு துளியாவது ஒட்டியிருக்கிறது. இதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. நாமாவது சொல்லி வைப்போம்.

வெகு காலம் மாநிலங்கள் இந்தக் கிண்ணத்துக்காக மோதின. 1979-இல் லீக் ஆட்டமுறை வந்தது. பிறகு 1989-இல் வந்ததுதான் 'செமி-புரோ லீக்'. மாநிலக் குழுக்களோடு சிங்கப்பூரும் புருணையும் சேர்ந்து ஆடின. முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு என்று இரண்டு பிரிவுகள். நம் ஊரில் ஓர் ஆட்டம், எதிராளியின் ஊரில் ஓர் ஆட்டம். முதல் பிரிவில் அடிமட்டத்தில் நிற்பவன் கீழே இறங்க வேண்டும். இரண்டாம் பிரிவில் தலைமட்டத்தில் நிற்பவன் மேலே ஏறலாம். லீக் முடிந்த பின் நன்றாக ஆடிய குழுக்கள் மலேசியக் கிண்ணத்துக்குப் போகும்.

செமி-புரோ என்றால் என்ன? பாதித் தொழில் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதற்கு முன்பெல்லாம் ஆட்டக்காரர்கள் வங்கியிலும் மின்சார வாரியத்திலும் நகராண்மைக் கழகத்திலும் போலீசிலும் வேலை செய்துகொண்டு, வேலை முடிந்த பிறகு மாநிலத்துக்காக ஆடினார்கள். செமி-புரோ வந்த பிறகு ஆட்டத்துக்கென்று ஒப்பந்தமும் காசும் வந்தன. வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் வந்தார்கள். ஆனாலும் உள்ளூர்க்காரர்கள் பலர் காலையில் வேலை, மாலையில் பயிற்சி என்றே காலம் தள்ளினார்கள்.

அப்படிப் பார்த்தால், நம் தோட்டத்துப் பையன்கள் 1989-க்கு வெகு முன்பே செமி-புரோக்காரர்கள்தாம்! விடியற்காலை ஐந்தரைக்குப் பெரட்டு. பதினொரு மணி வரை மரம் சீவுதல். பிறகு பால் எடுத்து ஸ்டோரில் நிறுத்துப் போட்டுவிட்டு, குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, நான்கரை மணிக்குத் திடலில் பந்து. ஒரே வித்தியாசம், அவர்களுக்கு ஒப்பந்தப் பணம். நம்மவர்களுக்கு மண்டோர் வீட்டு அம்மா கலக்கித் தந்த சிரப் தண்ணீர்.

இந்த லீக் தொடங்குவதைப் பார்க்கக் கொடுத்து வைக்காத ஒருவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்த கோல் காவலர் ஆர். ஆறுமுகம். 1980-இல் மெர்டேக்கா அரங்கத்தில் தென் கொரியாவை 2-1 என்று வீழ்த்தி மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றதே, அந்தக் குழுவின் கோல் காவலர் அவர். அரசியல் காரணத்தால் மாஸ்கோவுக்கு நம் குழு போகவில்லை. 1988 டிசம்பரில் ஒரு கார் விபத்தில் ஆறுமுகம் மறைந்தார். எத்தனை லயத்துச் சுவர்களில் அவர் படம் ஒட்டியிருந்தது என்பது நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். தோட்டத்தில் எந்தப் பையன் கோல் கம்பத்துக்கு நடுவில் நின்றாலும் அவன் பெயர் ஆறுமுகம்தான்.

சரி, 1993-க்கு வருவோம்.

செமி-புரோ லீக்கின் முதல் ஆண்டான 1989-இல் முதல் பிரிவில் வாகை சூடியது சிலாங்கூர். 1990-இலும் சிலாங்கூரே. 1991-இல் ஜொகூர் லீக்கையும் மலேசியக் கிண்ணத்தையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு போனது. 1992-இல் பகாங் அதே போல் இரண்டையும் வென்றது. சிங்கப்பூரின் ஃபாண்டி அகமது அப்போது பகாங்கிற்கு ஆடினார். இந்த வரிசையில் சிலாங்கூர் எங்கே போயிற்று? 1993-இல் அது ஆடியது இரண்டாம் பிரிவில்! இரண்டு முறை தொடர்ந்து வென்ற குழு, மூன்றே ஆண்டில் கீழே கிடந்தது. சிலாங்கூர் தனியாகவும் இல்லை. கூட இருந்தது சிங்கப்பூர். 1921-இல் முதல் கிண்ணத்தையே வென்ற சிங்கப்பூரும் அந்த ஆண்டு இரண்டாம் பிரிவுக்காரன்தான்.

எங்கள் தோட்டம் சிலாங்கூரில் இருந்தது. அந்த அவமானத்தை எங்கள் வாலிபர்கள் எப்படித் தாங்கினார்கள் என்கிறீர்கள்? கள்ளுக்கடையில் கெடாக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். "உங்க ஆளுங்க எந்தப் பிரிவுல ஆடுறாங்க தம்பி?" என்று ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்பார். பதில் சொல்ல முடியாது. கெடா அப்போது முதல் பிரிவில் கொடிகட்டிப் பறந்தது.

தோட்டத்து மண்டபத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. ஆட்டம் உள்ள இரவுகளில் முன்வரிசையில் பிள்ளைகள் தரையில், பின்னால் பெஞ்சில் பெரியவர்கள், சன்னலுக்கு வெளியே பெண்கள். தொலைக்காட்சியில் காட்டாத ஆட்டத்துக்கு வானொலிதான். வானொலியைக் காதோடு வைத்திருப்பவன் "கோல்!" என்று கத்தினால், யார் போட்ட கோல் என்று தெரிவதற்கு முன்பே பாதிப்பேர் குதித்துவிடுவார்கள். அடுத்த நிமிடம், "எதிராளி போட்டாண்டா" என்பான். குதித்தவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

தென் ஜொகூர்த் தோட்டங்களில் இருந்த நம் உறவினர்களுக்கு வேறு கவலை. அவர்களில் பலருக்குச் சிங்கப்பூர் ஆட்டம் என்றால் உயிர். அந்த ஆண்டு ஃபாண்டி தாயகம் திரும்பியிருந்தார். வி. சுந்தரமூர்த்தியும் அந்தக் குழுவில் இருந்தார். சுந்தரமூர்த்தியின் காலில் பந்து பட்டால் அது நாய்க்குட்டி மாதிரி அவர் பின்னாலேயே வரும் என்று ஜொகூர் மாமா ஒருவர் சொல்வார். காலாங் தேசிய அரங்கத்தில் 55,000 பேர் உட்காரலாம். அத்தனை பேர் சேர்ந்து காலால் தட்டும் சத்தம் தொலைக்காட்சியிலேயே இடி மாதிரிக் கேட்கும்.

ஆட்டம் ஆட்டமாக இரண்டு குழுக்களும் மேலே வந்தன. பருவம் முடிந்தபோது இரண்டாம் பிரிவில் சிலாங்கூர் முதலிடம், சிங்கப்பூர் இரண்டாமிடம். இரண்டுக்கும் மேலே வழி திறந்தது. முதல் பிரிவில் கெடா வாகை சூடியது. மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் கெடாவும் சிங்கப்பூரும் மோதின. கெடா 2-0 என்று வென்று இரண்டு பட்டத்தையும் எடுத்துக்கொண்டது. லாரிக்காரர் அன்றைக்கு எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தார். சிலாங்கூர்க்காரனும் குடித்தான். ஏன்? இரண்டாம் பிரிவில் முதலிடம் என்பதும் முதலிடம்தானே!

இதெல்லாம் ஊரறிந்த கதை. இனி சொல்லப் போவது எங்கள் தோட்டத்துக் கதை.

அதே 1993-இல் எங்கள் தோட்டத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பெயர் வேண்டாம். இன்றைக்கும் இருக்கிறான், பேத்தி எடுத்துவிட்டான். இடது காலால் உதைப்பான். பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம் என்றால், அந்தத் தோட்டத்துக்காரர்கள் முதலில் கேட்பது, "அந்த இடதுகால் வர்றானா?" என்பதுதான். காலணி இல்லாமல் ஆடியே பழகியவன். தீபாவளிப் பணத்தில் பூட்ஸ் வாங்கியபோது ஒரு வாரம் நொண்டினான்.

ஒரு நாள் ஆட்டத்தைப் பார்க்க வந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் அவனை மாவட்ட இளைஞர் குழுத் தேர்வுக்குக் கூட்டிப் போகிறேன் என்றார். தோட்டமே பரபரப்பானது. தகப்பன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு நாள் பேர் விழலன்னா அந்தக் காசு யாரு தருவா? பந்து சோறு போடுமா வாத்தியாரே?" என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நாள்கூலி வாழ்க்கையில் ஒரு நாள் என்பது ஒரு நாள்தான். தாய் ஒன்றும் பேசவில்லை. இரவு எல்லோரும் படுத்த பிறகு அரிசி டின்னுக்குள் கையை விட்டு, முடிச்சு போட்ட துணியிலிருந்து பஸ் காசை எடுத்துக் கொடுத்தார். "அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ போய்ட்டு வாய்யா" என்றார். மறுநாள் அவனுடைய மரங்களையும் சேர்த்து அந்த அம்மாவே சீவினார்.

பையன் நன்றாக ஆடினான். தேர்வு செய்தவர்கள் அவன் பெயரை எழுதிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒரு கேள்வி கேட்டார்கள்.

"ஐசி எங்கே?"

ஐசி இல்லை. 'சூராட் பெரானாக்' என்கிறோமே, அந்தப் பிறப்புப் பத்திரமும் இல்லை. அவன் பிறந்தது லயத்து வீட்டில், மருத்துவச்சி கையில். பதிவு செய்யப் பட்டணத்துக்குப் போக வேண்டும். போனால் ஒரு நாள் கூலி போகும். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப் போட்டார்கள். அடுத்த பிள்ளை பிறந்தது. அப்புறம் மறந்தே போனார்கள். தோட்டத்துப் பள்ளியில் யாரோ சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். பன்னிரண்டு வயதில் கூட இருந்த பிள்ளைகள் ஐசி எடுக்கப் போனபோது இவன் மட்டும் போகவில்லை. அதுவரை எந்தக் குறையும் தெரியவில்லை. திடலில் யார் ஐசி கேட்டார்கள்? பந்து கேட்குமா ஐசி?

இரண்டு வாரம் அவகாசம் தந்தார்கள். வாத்தியார் அலைந்தார். தகப்பனும் இந்த முறை கூலியைப் பார்க்காமல் அலைந்தார். ஒரு கவுன்டரில் மருத்துவச்சியைக் கூட்டிவா என்றார்கள். அந்தக் கிழவி இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. இன்னொரு கவுன்டரில் தாய் தகப்பனின் கல்யாணப் பத்திரம் கேட்டார்கள். கோயிலில் தாலி கட்டியதற்கு ஊரே சாட்சி; காகிதம் இல்லை. இரண்டு வாரம் போயிற்று. அவன் இடத்தில் வேறு பையனைப் போட்டுக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் வழியில்லை. சட்டம் அதுதான்.

அன்று மாலை அவன் திடலுக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தான். நாங்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பந்தை அவன் பக்கம் உருட்டிவிட்டோம்.

சிலாங்கூர் விழுந்தது, அடுத்த பருவத்துக்கு எழுந்துகொண்டது. 1995, 1996, 1997 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து மலேசியக் கிண்ணத்தையே வென்றது. சிங்கப்பூரும் 1994-இல் லீக்கை வென்று, ஷா ஆலாம் அரங்கத்து இறுதியாட்டத்தில் பகாங்கை 4-0 என்று வீழ்த்திக் கிண்ணத்தையும் கொண்டுபோனது. குழுவுக்கு அடுத்த பருவம் உண்டு. பதினேழு வயதுப் பையனுக்கு அடுத்த பருவத்தில் பதினெட்டு ஆகிவிடுகிறது. அவன் கையில் காகிதம் கிடைத்தபோது அவனுக்கு இருபத்தாறு வயது. கல்யாணம் ஆகியிருந்தது. முழங்காலும் போயிருந்தது.

"அண்ணே, நான் ஆடியிருந்தா சிலாங்கூருக்கு ஆடியிருப்பேன்னு சொல்ல வரல. ஒருவேளை அடுத்த தேர்வுலயே என்னத் தள்ளியிருப்பாங்க. ஆனா ஆடித் தோத்தா அது வேற. கவுன்டர்ல தோத்துட்டேனே" என்று ஒருமுறை நம்மிடம் சொன்னான். அந்த வார்த்தை இன்றைக்கும் நம் காதில் இருக்கிறது.

செமி-புரோ லீக் 1993-ஓடு முடிந்தது. 1994-இல் முழுத் தொழில்முறை வந்தது. பணம் கூடியது, கூடவே சூதாட்டத் தரகர்களும் வந்தார்கள். ஆட்டத்தை விற்ற ஊழல் வெளிப்பட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள். பலர் தடை செய்யப்பட்டார்கள். நாம் படம் ஒட்டிவைத்த சிலரும் அதில் இருந்தார்கள். சிங்கப்பூர் 1995-இல் விலகிப் போனது. பந்து சோறு போடுமா என்று அந்தத் தகப்பன் கேட்டாரே, அதற்கு ஒரே பதில் இல்லை. சிலருக்குப் போட்டது. சிலருக்குப் போட்ட சோற்றில் மண் விழுந்தது. வேலையையும் கையில் வைத்துக்கொண்டு ஆடியவர்கள் பூட்ஸைக் கழற்றிய பிறகும் சம்பளம் வாங்கினார்கள். இதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

நம்மவர்களால் முடியாதது ஒன்றும் இல்லை. கே. ராஜகோபால் பயிற்றுநராக இருந்தபோதுதான் மலேசியா 2009-இல் தென்கிழக்காசியப் போட்டியில் தங்கம் வென்றது. 2010-இல் இந்தோனேசியாவை வீழ்த்தித் தென்கிழக்காசியக் கிண்ணத்தையும் வென்றது. அந்த இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் 3-0 என்று வென்ற இடம் புக்கிட் ஜாலில் அரங்கம். 1998-இல் திறக்கப்பட்ட அந்த அரங்கம் எங்கே எழுந்தது? புக்கிட் ஜாலில் தோட்டம் இருந்த நிலத்தில். அந்தத் தோட்டத்துப் பாட்டாளிக் குடும்பங்கள் வீட்டு நிலம் கேட்டுப் பல ஆண்டு போராட வேண்டியிருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. கப்பலில் தொடங்கி அரங்கம் வரை இந்த ஆட்டத்தின் அடியில் தோட்டத்து மண் இருக்கிறது.

எங்கள் தோட்டமும் இன்று இல்லை. திடல் இருந்த இடத்தில் இரண்டு மாடி வீடுகள் நிற்கின்றன. அந்த இடதுகால்காரன் இப்போது தாமானில் குடியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்துப் பொதுத் திடலில் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக் கொடுக்கிறான். காசு வாங்குவதில்லை. புதிதாக ஒரு பிள்ளை வந்தால், பந்தைக் கொடுப்பதற்கு முன் தாய் தகப்பனிடம் அவன் கேட்கும் முதல் கேள்வி என்ன தெரியுமா?

"சூராட் பெரானாக் இருக்காம்மா? காட்டுங்க பாப்போம்."

இல்லை என்றால் திட்ட மாட்டான். திங்கட்கிழமை அவனே கூட்டிக்கொண்டு போவான். எந்தக் கவுன்டர், எந்தப் பாரம், யார் சாட்சி என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். இதுவரை எத்தனை பிள்ளைகளுக்கு வாங்கித் தந்தாய் என்று கேட்டோம். கணக்கு வைக்கவில்லை என்று சிரித்தான்.

ஆகவே, தோட்டப்புறத் தாய்மார்களே, தகப்பன்மார்களே, நாம் கேட்டுக்கொள்வது இதுதான். பிள்ளை பிறந்த உடனே, பெயர் வைக்கும் சடங்குக்கு முன்பாகவே, பதிவு செய்துவிடுங்கள். கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது; 1982 மார்ச் முதல் திருமணப் பதிவும் கட்டாயம். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் பிள்ளையின் குடியுரிமையே சிக்கலாகும். பன்னிரண்டு வயதானதும் ஐசிக்குக் கூட்டிப் போங்கள். ஒரு நாள் கூலி போகும், போகட்டும். உங்கள் பக்கத்தில் இன்னும் ஒரு திடல் மிச்சம் இருந்தால் அதைப் புல் மூடவும் விடாதீர்கள், பிறர் மூடவும் விடாதீர்கள்.

இன்று மாலை உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து, பிள்ளைகளின் பத்திரங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பார்த்துவிட்டுப் பந்தாட்டம் பார்க்கலாம். அடுத்த வாரம் சந்திப்போம்.